எலுமிச்சம்பழம் வெட்டிய படகு

அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இதுவரை இந்தக் கதையைச் சொல்லி வந்தது நீங்கள்தான். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் படகு ஒரு முழம் நீண்டது. கண்மாயும் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் அதில் ஒரு முதலையும் வந்து சேர்ந்தது. நான் இடையில் புகுந்து திருத்தினால், "ஏ படிப்பாளி, நீ எழுதுறப்ப உள்ளபடி எழுது. சொல்றப்ப நான் கொஞ்சம் சேத்துக்கிறேன்" என்பீர்கள். இப்போது என் முறை.

நேற்றுக் காலை குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடங்களை நிரப்பி முடித்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். நீல டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் படகின் வால்பக்கத்தில் வைத்தார். எஞ்சினின் அடிப்பாகம் முழுகும்வரை அதில் குடம் குடமாக ஊற்றினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணுங்க, செத்த நேரம் சத்தத்தக் கேப்போம்" என்றார். அம்மாவா இது என்று நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஆயில் கலந்த பெட்ரோல் புகை கிளம்பியது. பக்கத்தில் முறத்தில் ஊறுகாய்க்கு நறுக்கி வைத்த எலுமிச்சம்பழம். அந்தப் புகையும் அந்தப் பழமும் சேர்ந்த வாசனை இந்த உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் ஒரு மனுஷியை ஞாபகப்படுத்தாது. எங்கள் மூன்று பேருக்கும் ஞாபகப்படுத்தியது.

படகு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு லைட் போடப் போயிருந்தீர்கள். அதில் ஆச்சரியமே இல்லை. பழனி, அய்யலூர், நிலக்கோட்டை என்று சீரியல் பல்பும் மைக் செட்டும் ஏற்றிக்கொண்டு வருஷம் முழுவதும் அலைந்தவர் நீங்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அடுத்தவுக கல்யாணத்துக்கு லைட் போடவே நேரம் சரியாப் போச்சு" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். அந்த முறை திரும்பி வந்தபோது மினி லாரியில் ஒயர் சுருள்களுக்கு மேலே கவிழ்த்துக் கட்டிய ஒரு ஃபைபர் படகும் வந்தது. வெள்ளையில் நீலக்கோடு. பழையதுதான். கூடவே சாக்கில் சுற்றிய எஞ்சின்.

நம் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கிற ஊரில், தெருமுனை திரும்பி ஒரு படகு வருகிறது. அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏன் மதினி, லைட்டு போடப் போனவுக லைட்டோட வரணும்ல? இது என்னத்துக்கு?"

"ஓட்டத்தான்."

"எங்கிட்டு?"

"மழை பேஞ்சா நம்ம ஊருக் கண்மாயில."

"மழை பேஞ்சாவா!" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். அன்று சாம்பாரில் உப்பு கூடியிருந்தது.

புது வண்டி வாங்கினால் மந்திரிக்க வேண்டுமே. படகும் வண்டிதான் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் பங்குச் சாமியார் வந்தார். லாரி டயர்களின்மேல் படகை நிமிர்த்தி வைத்து, எஞ்சினைப் பின்னால் மாட்டி, நிலக்கோட்டை மல்லிகையைச் சுற்றியிருந்தீர்கள். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் உங்களோடு எத்தனையோ வருஷமாக லைட் வண்டி ஓட்டும் கருப்பசாமி அண்ணன் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"அக்கா, எங்க முறைக்கு இதயும் செஞ்சிருவோம். கண்ணு பட்ருக்கும்."

செய்யலாம். ஆனால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில்தான் வைப்பார்கள். படகுக்குச் சக்கரம் ஏது? கூட்டம் யோசனையில் இறங்கியது. டயருக்கு அடியில் வைக்கலாம் என்றார் ஒருவர். அது படகின் டயர் இல்லையே என்றார் இன்னொருவர். அப்பா இதற்குள் வராமல் சாமியாருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் நீங்கள்தான். "சுத்துறதுதானடா சக்கரம்? இதுல சுத்துறது விசிறிதான்" என்றீர்கள்.

கருப்பசாமி அண்ணன் ஒரு நீளக் கம்பின் முனையில் பழத்தைக் குத்திப் பிடித்தார். நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். எஞ்சின் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கூரை ஏறியது. (இது உண்மை. நானே பார்த்தேன்.) விசிறி பழத்தைச் சிதறடித்தது. சாமியாரின் வெள்ளை அங்கியில் சாறு தெறித்தது. அவர் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் தெளிச்சது பத்தாதா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று நான்கு பழமும் தீர்ந்தன. பிறகு தாமதமாக வந்தவர்களுக்காகவும் கொஞ்ச நேரம் ஓடியது. மல்லிகையும் பெட்ரோலும் எலுமிச்சையும் சேர்ந்து தெருவே மணத்தது. உங்கள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் அப்புறம் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

அதன் பிறகு மழை வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. டீக்கடைக்காரர் தினமும் ஒன்று வைத்திருப்பார். "என்னக்கா, நேத்து ராத்திரி தூத்தலுக்கு நங்கூரம் போட்டீகளா?" நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். "உன் டீயில இருக்கிற தண்ணி போதும்டா எனக்கு, அதுலயே மிதக்கும்." அம்மா படகின் பலகைகளில் மோர்மிளகாய் காய வைத்தார். "இது செஞ்ச உருப்படியான வேல இதுதான்" என்றும் சொல்வார். நான் பள்ளி விட்டு வந்ததும் ரெட்டைச் சடையோடு அதற்குள் ஏறிச் சாய்ந்து புத்தகம் படிப்பேன். படகுக்குள் படுத்தால் பக்கச்சுவர் எல்லாவற்றையும் மறைத்து, வானமும் மலைக்கோட்டையின் உச்சியும் மட்டும் தெரியும். ஒரு நாள் நீங்கள் எட்டிப் பார்த்து, "எதுவரைக்கும் போயிருக்க?" என்று கேட்டீர்கள். புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று நான் சொன்னேன். "அப்ப பாதி தூரம் வந்துட்ட" என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் விட்டுவிட்டுப் பெய்த மழையில் நம் ஊர்க் கண்மாய் நிறைந்தது. மறுகால் பாய்கிறது என்று போன் வந்தபோது நீங்கள் ஏணியின்மேல் நின்று ஒரு கல்யாண வீட்டுக்குப் பல்பு கட்டிக்கொண்டிருந்தீர்களாம். அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று கருப்பசாமி அண்ணன் சொன்னார்.

டிசம்பரில் நம் ஊரில் மாதா திருவிழா. கண்மாய் நிறைந்த வருஷத்தில் மட்டும், சப்பரம் தெருச் சுற்றிய பிறகு மாதா சுரூபத்தை டிரம்மும் வாழைத்தண்டும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்புவார்கள். நான் பிறந்ததிலிருந்து அது நடந்ததில்லை. அந்தத் தெப்பத்துக்குப் பதில் உங்கள் படகில் மாதா போக வேண்டும், எஞ்சின் போட்டுப் போக வேண்டும், நீங்கள் ஓட்ட வேண்டும். இவ்வளவு வருஷமும் நீங்கள் காத்திருந்தது இதற்குத்தான் என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கோயில் பெரியவர் சவரிமுத்துத் தாத்தா ஒரே பேச்சில் மறுத்தார். "மாதாவுக்கு என்னத்துக்குத்தா எஞ்சின்? சத்தமும் பொகையும். தெப்பமே போதும்."

"ஒரு தடவ ஓட்டிக் காட்டுறேன் பெரியப்பா. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரி, காட்டு" என்றார்.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. ஊரே கரையில். இடுப்பில் லாரி டியூப் மாட்டிக்கொண்டு நீங்களும் நானும் படகில். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அத்தை, இதை நான் உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பாதிக் கண்மாய் தூரம் நாம் பறந்தோம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. நாரைகள் எழுந்து பறந்தன. முழுகி நின்ற கருவேலமரங்களின் நுனிகள் இரண்டு பக்கமும் ஓடின. கரையில் விசில் சத்தம். நீங்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. சேலை முந்தானை படபடக்க, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தீர்கள். நான் சொன்ன அந்த ஒரே ஒரு முறை இதுதான்.

கண்மாயின் நடுவில் எஞ்சின் கீச்சென்று கத்தியது. கறுப்புப் புகை வந்தது. நின்றுவிட்டது.

நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள், மறுபடி இழுத்தீர்கள். எஞ்சின் அசையவில்லை. துடுப்பு கொண்டுவர வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. கரையில் ஒருவர் சிரிக்க, ஊரே சிரித்தது. "அக்கா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? எறங்கிருங்க!" என்று ஒரு குரல். "செத்த பொறுங்க, கண்டக்டர் வாராரு!" என்று இன்னொரு குரல். தண்ணீரில் சிரிப்பு நன்றாகவே கேட்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

டீக்கடைக்காரருக்கெல்லாம் சுடச்சுடப் பதில் சொன்ன நீங்கள், அங்கே தலை குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று, "இது ஏன் அத்தை உங்களுக்கு அம்புட்டு ஆசை?" என்று கேட்டேன்.

"நான் உன் வயசுல இருந்தப்ப இந்தக் கண்மாய் ரொம்புச்சு" என்றீர்கள். "தெப்பம் விட்டாக. ஏறணும்னு நான் தண்ணிவரைக்கும் போயிட்டேன். பொம்பளப்புள்ள ஏறக்கூடாதுன்னுட்டாக. ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டு, கையில பெட்ரோமாக்ஸ் லைட்டக் குடுத்தாக, இருட்டா இருக்கு, கரையில நின்னு பிடின்னு. போயிட்டு வார வரைக்கும் பிடிச்சேன். கை வலின்னா வலி." கையைத் தேய்த்துக்கொண்டே, "அப்பறம் என்ன, லைட் பிடிக்கிறதே தொழிலாப்போச்சு" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லை. அதனால் அந்தக் கதையை நான் அப்படியே நம்பினேன்.

பிறகு நாம் சும்மா இருந்தோம். காற்று படகை மெதுவாகத் திருப்பியது. ஒரு பக்கம் கோயில் கோபுரம், ஒரு பக்கம் தூரத்தில் சிறுமலை. தண்ணீர்ப்பாம்பு ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கடந்து போனது. உங்கள் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துப் பாதி கொடுத்தீர்கள். "எறங்குறதுக்கு முன்னாடி தின்னுரு. அங்க போனா கேப்பாக." எங்கள் வகுப்பில் ஆனந்தமான நாள் என்று கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் சுற்றுலா போனதை எழுதுவார்கள். நான் நின்றுபோன இந்த எஞ்சினைத்தான் எழுதுவேன்.

ஊர் இளைஞர்கள் டியூபில் மிதந்து வந்து, படகின் மூக்கில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். கரையில் சவரிமுத்துத் தாத்தா காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. படகைச் சுற்றி வந்து பார்த்தார். அதை ஒரு பக்கமாக அழுத்தினார். அது சாயாமல் எழுந்தது.

"சத்தமில்லாமத்தான் வந்துச்சு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"எஞ்சினக் கழட்டிரு புள்ள. கழட்டிட்டா இதும் தெப்பந்தான். அக்கரையில இருந்து கயித்தக் கட்டி இழுப்போம். டிரம்மு கட்டுற வேல மிச்சம்." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "லைட்டு?" என்று கேட்டார்.

"பேட்டரி வச்சு உள்ளயே போடணும் பெரியப்பா. கரையில இருந்து அம்புட்டுத் தூரம் ஒயர் இழுக்க முடியாது."

"ஓடுற படகுல பேட்டரியயும் ஒயரயும் யாரு பாப்பா?"

"தெரிஞ்ச ஆளுதான் பாக்கணும்."

"அப்ப நீ உள்ளதான் உக்காரணும்" என்றார் அவர், வேறு வழியே இல்லாத ஒரு சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல. கூட்டத்தில் ஒருவர், "பொம்பளயாள எப்பிடிப்பா" என்று தொடங்கினார். "நீ போயி உக்காரு, ஷாக் அடிச்சாச் சொல்லு" என்றார் தாத்தா. அதோடு பேச்சு முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து படகை விற்றவருக்குப் போன் செய்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். "தண்ணியில்லாம எப்பமாச்சும் ஓட்டுனியளாக்கா?" என்றார். எஞ்சின் அடியிலிருந்து தண்ணீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளுமாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதை இழுக்கிற ரப்பர் சக்கரம் கருகிவிடுமாம். "இத முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா?" என்றீர்கள். அந்தப் பக்கம் நிஜமான குழப்பம். "படகத் தரையில எதுக்குக்கா ஓட்டுவாக?"

அவர் ஊரில் ஓட்ட மாட்டார்கள்தான். எலுமிச்சம்பழத்துக்காக ஓட்டினோம் என்று நாம் எப்படிச் சொல்வது? நீங்கள் போனை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். அப்புறம் எங்கள் மூன்று பேரையும் பார்த்து விரலை ஆட்டினீர்கள். "இது கருப்பசாமி காதுக்குப் போகக்கூடாது. மனசு ஒடிஞ்சிருவான்." போகவில்லை அத்தை. இதை எழுதிய தாளையும் அவரிடம் காட்ட மாட்டேன்.

திருவிழா அன்று மாலை, மாதாவின் காலடியில் நீங்கள் ஸ்விட்ச் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தீர்கள். படகின் விளிம்பு முழுக்கச் சீரியல் பல்பு. நான் கரையில் மெழுகுவத்தியோடு நின்றேன். நீங்கள் என்னைக் கூட்டத்தில் தேடினீர்கள். "ஏ படிப்பாளி, ஒயரு பிடிக்க ஆளு வேணும். ஏறு" என்றீர்கள். பிடிக்க வேண்டிய ஒயர் எதுவும் அங்கே இல்லை என்பதை உண்மைக்காக இங்கே பதிவு செய்கிறேன். தாத்தா அதைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கயிறு இழுபட்டது. கரை முழுவதும் "மரியே வாழ்க" என்று குரல் எழுந்தது. கீழே தண்ணீரில் இன்னொரு படகு, அதிலும் பல்புகள், அதிலும் நீங்கள்.

திரும்பி வந்து, ஜனங்கள் கலைந்த பிறகும் பல்புகள் எரிந்தன. கருப்பசாமி அண்ணன் அணைக்கப் போனபோது தடுத்தீர்கள். "போட்டவுகதான் அணைக்கணும்." எந்த ஊரில், எவ்வளவு அசதியிலும் கடைசி ஸ்விட்சை நீங்கள்தான் தொடுவீர்கள். அதற்குக் காரணம் கேட்டால், "விழா முடிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியணும்ல" என்பீர்கள்.

எஞ்சினைக் கடற்கரைக்கு அனுப்பிப் புது ரப்பர் சக்கரம் போட்டு வாங்கினீர்கள். அதற்குள் கண்மாய் வற்றிவிட்டது. டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் கேட்டபோது அம்மா தரவில்லை. "கொழம்பு வைக்கவே தண்ணியக் காணோம்" என்றார். நீங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருமே நினைத்திருப்பீர்கள். நேற்றுக் காலை அந்த நீல டிரம்மில் அம்மா ஏன் அப்படிக் குடம் குடமாக ஊற்றினார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பங்குனியில் நீங்கள் போனீர்கள். நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள். அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நம் வாசலில் உங்கள் டியூப் லைட்டுகளையே கட்டினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். கருப்பசாமி அண்ணன்தான் கட்டினார். கட்டும்போது ஒரு முடிச்சைக்கூட அவரால் ஒழுங்காகப் போட முடியவில்லை. மறுநாள் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். உச்சி வெயிலில் அவை எரிந்துகொண்டே இருந்தன. யாரும் அணைக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நேற்றுத் திருவிழா. இந்த வருஷம் கண்மாயில் பாதித் தண்ணீர்தான். மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கைத் தொடவில்லை. இருந்தாலும் படகு மிதக்கும் என்றார் சவரிமுத்துத் தாத்தா. மாலையில் எஞ்சின் இல்லாமல் படகை ஏற்றிக்கொண்டு போனோம். ஸ்விட்ச் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது தாத்தா என்னைப் பார்த்தார். "அது அத்தகாரிகூட உக்காந்து வந்த புள்ளதான? தெரியும் அதுக்கு." எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உட்கார்ந்தேன். முதல் பல்பு எரிந்தபோது கரையில் சின்னப் பெண்கள் நான்கைந்து பேர் தண்ணீரில் கால் வைத்து நின்றதைப் பார்த்தேன். எல்லோரையும் ஏற்ற முடியாது. ஒருத்தியை மட்டும் கூப்பிட்டேன். "ஒயரு பிடிக்க ஆளு வேணும்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். போய்த் திரும்பும்வரை சும்மா கிடந்த ஒரு ஒயர் முனையைக் கையிலிருந்து விடவே இல்லை.

கருகிப்போன அந்தப் பழைய ரப்பர் சக்கரம் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பாதி தின்ற பிஸ்கட் போல இருக்கும். பரீட்சையில் பக்கத்திலிருப்பவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். அழிரப்பர் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போதாது. ஒருநாள் எல்லோருக்கும் சொல்வேன். சொல்லும்போது உங்கள் மாதிரி கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். முதலை இல்லாவிட்டாலும் அந்தப் பாம்பையாவது பெரிதாக்குவேன்.

நேற்று இரவு படகு கரை சேர்ந்தது. மாதாவைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் கலைந்தார்கள். அந்தச் சின்னப் பெண் ஒயரை என்னிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு ஓடினாள். கருப்பசாமி அண்ணன் பேட்டரியை எடுக்க வந்தவர், கையை நீட்டாமல் நின்றார்.

"தாயி, நீதான போட்ட?"

"ஆமாண்ணே."

விழா முடிந்தது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. இன்னும் செத்த நேரம் தண்ணீரில் இருந்த அந்த இன்னொரு படகைப் பார்த்தேன். பிறகு லைட்டை அணைத்தேன்.